மாய்சனைட் எதனால் ஆனது? வைரம் செய்யப் போய் வைரம் அல்லாத ஒன்றுக்குப் பெயர் தந்த ஹென்றி முவாசான்

ஆன்லைனில் மோதிரம் தேடுகிறீர்கள். ஒரே மாதிரி மின்னும் 4 மோதிரங்கள் திரையில் வரிசையாக வருகின்றன. ஒன்றில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று போட்டிருக்கிறது. அடுத்ததில் 'மாய்சனைட் டைமண்ட்'. மூன்றாவதில் 'லேப் குரோன் டைமண்ட்'. நான்காவதில் வெறும் 'டைமண்ட்'. போட்டோவில் பார்த்தால் நாலும் ஒன்றுதான். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இந்த நான்கில் இரண்டு மட்டுமே வைரம். மற்ற இரண்டும் வைரம் மாதிரி இருக்கும் வேறு பொருட்கள். அதில் மாய்சனைட் என்ற கல்லின் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஹென்றி முவாசான். வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செயற்கை வைரம் செய்வதற்காகச் செலவழித்தவர். கடைசியில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டதோ வைரம் அல்லாத ஒரு கல்லில்!

யார் இந்த முவாசான்? அவர் செய்தது உண்மையில் வைரம்தானா? மாய்சனைட் எதனால் ஆனது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டம் வாங்காமல் பள்ளியை விட்டவர்

1852 செப்டம்பர் 28 அன்று பாரிஸில் பிறந்தார் முவாசான். அப்பா ரயில்வே கம்பெனியில் சாதாரண ஊழியர். அம்மா தையல் வேலை செய்தவர். 1864-ல் குடும்பம் பாரிஸுக்குக் கிழக்கே உள்ள மோ என்ற சிறு ஊருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே பள்ளியில் படித்தார். ஆனால் பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான தகுதிச் சான்றிதழ் இல்லாமலே 1870-ல் பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டார். வீட்டு வசதி அப்படி. ஒரு கடிகாரம் செய்பவரிடம் தொழில் பழகப் போனார்.

அதற்குள் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. முவாசானும் ராணுவத்தில் சேர வேண்டியதாயிற்று. போர் முடிந்த பிறகு 1871-ல் பாரிஸில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆர்செனிக் விஷத்தால் பாதிக்கப்பட்ட ஒருவரின் உயிரைக் காப்பாற்றினார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

மருந்துக் கடை வேலை அவரை வேதியியல் பக்கம் இழுத்தது. பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எட்மண்ட் ஃப்ரெமி என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் போய்ச் சேர்ந்தார். பிறகு தெஹெரான் என்ற பேராசிரியரின் ஆய்வகம். இவர்தான் முவாசானைப் பிடித்து உட்காரவைத்து, விட்ட படிப்பைத் தொடரச் சொன்னவர்.

அப்படித்தான் 1874-ல், 22 வயதை நெருங்கும்போது, பள்ளி இறுதித் தேர்வுக்குச் சமமான தேர்வில் தேறினார். 1879-ல் மருந்தாளுநர் பட்டம். 1880-ல் முனைவர் பட்டம். பள்ளிப் படிப்பையே முடிக்காமல் கடிகாரக் கடைக்குப் போன பையன், 10 ஆண்டுகளில் டாக்டர் முவாசான் ஆகிவிட்டார்.

1882-ல் லியோனி லுகான் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மாமனார் மோ ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். மருமகன் பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆராய்ச்சி செய்யட்டும் என்று கைகொடுத்தார்.

ஆட்களைக் காவு வாங்கிய ஃப்ளூரின்

வைரத்துக்கு வருவதற்கு முன் ஃப்ளூரின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். முவாசானை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது அதுதான்.

இன்று நம் பற்பசையில் இருக்கும் ஃப்ளூரைடு, ஃப்ளூரின் என்ற தனிமத்தின் உப்பு. உப்பாக இருக்கும்போது சாது. தனியாகப் பிரித்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லாவற்றோடும் சண்டைக்குப் போகும் வாயு. கண்ணாடிப் பாத்திரத்தை அரிக்கும். தண்ணீரோடு வினைபுரியும். பெரும்பாலான உலோகங்களைத் தாக்கும். அப்படியானால் இதை எந்தப் பாத்திரத்தில் பிடித்து வைப்பது?

19-ஆம் நூற்றாண்டு முழுக்க வேதியியலாளர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள். இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி முயன்று உடல்நலம் கெட்டு விலகினார். அயர்லாந்தைச் சேர்ந்த நாக்ஸ் சகோதரர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். பெல்ஜியத்தின் லூயேயும், பிரான்ஸின் நிக்லேயும் உயிரையே விட்டார்கள். முவாசானின் குருவான ஃப்ரெமியும் முயன்று பார்த்துக் கைவிட்டவர்தான்.

முவாசானும் இதில் விஷத்தால் பாதிக்கப்பட்டுப் பலமுறை வேலையை நிறுத்த வேண்டிவந்தது. தேறியதும் மறுபடி ஆரம்பித்தார்.

கடைசியில் வழி கிடைத்தது. நீர் கலக்காத ஹைட்ரஜன் ஃப்ளூரைடு திரவத்தில் மின்சாரம் பாயாது. அதில் பொட்டாசியத்தின் ஃப்ளூரைடு உப்பைக் கரைத்தால் பாயும். பாத்திரம் பிளாட்டினத்தில், ஆங்கில 'யு' எழுத்து வடிவக் குழாய். மின்முனைகள் பிளாட்டினமும் இரிடியமும் கலந்தவை. மூடிகள் ஃப்ளூர்ஸ்பார் என்ற கனிமத்தில் செய்தவை. எல்லாவற்றையும் உறைநிலைக்குக் கீழே குளிரவைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். 1886 ஜூன் 26 அன்று ஒரு முனையிலிருந்து வாயு வந்தது. அதில் சிலிக்கான் துண்டைக் காட்டியதும் குப்பென்று தீப்பற்றியது. ஃப்ளூரின் பிடிபட்டுவிட்டது.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. அவர் சொன்னதைச் சரிபார்க்க பிரெஞ்சு அறிவியல் கழகம் மூத்த வேதியியலாளர்கள் மூவரை அனுப்பியது. அவர்கள் கண்முன்னே கருவி வேலை செய்யவில்லை. வாயு வரவே இல்லை! வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு காரணம் புரிந்தது. பெரியவர்கள் வருகிறார்களே என்று மிகத் தூய்மையான திரவத்தைத் தயாரித்திருந்தார். அதில் பொட்டாசியம் உப்பு இல்லை. அதனால் மின்சாரம் பாயவில்லை. உப்பைச் சேர்த்ததும் கருவி மறுபடி ஓடியது, சோதனையும் நிரூபணமானது.

தான் சொன்னதை மற்றவர் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்பது அறிவியலின் அடிப்படை விதி. ஃப்ளூரினில் முவாசான் அதைத் தாண்டிவிட்டார். வைரத்தில் என்ன ஆனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

சுண்ணாம்புக் கல்லுக்குள் ஒரு சூரியன்

வைரம் செய்யக் கடும் வெப்பம் வேண்டும். அந்தக் காலத்து உலைகள் அதற்குப் போதாது. 1892-ல் முவாசான் புது உலை ஒன்றை அறிமுகப்படுத்தினார்.

அமைப்பு ரொம்ப எளிது. சுண்ணாம்புக் கட்டிகள் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் ஒரு சிறு குழி. இரண்டு பக்கமும் கரித் தண்டுகள். அவற்றுக்கு இடையே மின்சாரத்தைப் பாயவிட்டால் வெல்டிங்கில் பார்ப்பது போன்ற மின்வில் உண்டாகும். அந்தச் சின்னக் குழிக்குள் வெப்பம் சுமார் 3,500 டிகிரி செல்சியஸ் வரை போனது. உருகவே உருகாது என்று நினைத்த பொருட்கள் எல்லாம் உருகின. சில ஆவியாகவே போயின.

இந்த உலையில் குரோமியம், டங்ஸ்டன், யுரேனியம் போன்ற உலோகங்களைப் பிரித்தார். கார்பைடு எனப்படும் சேர்மங்கள் பலவற்றைத் தயாரித்தார். அவற்றில் ஒன்று கால்சியம் கார்பைடு. அமெரிக்காவில் தாமஸ் வில்சனும் ஏறக்குறைய அதே நேரத்தில் இதே பொருளைத் தன் வழியில் தயாரித்திருந்தார். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும் பொருள் இது. விளக்கெரிக்கவும் வெல்டிங்குக்கும் உலகமெங்கும் பயன்பட்டது. மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் குடோன்களில் பறிமுதல் செய்கிறார்களே, அந்தக் 'கார்பைடு கல்'லும் இதேதான்.

வெறும் கரிதான் வைரமா?

வைரம் எதனால் ஆனது என்ற கேள்விக்கு முவாசானின் காலத்துக்கு முன்பே விடை தெரியும். 1772-ல் பிரான்ஸின் லாவோசியே வைரத்தைப் பெரிய லென்ஸ் வைத்துச் சூரிய ஒளியில் எரித்துக் காட்டினார். 1797-ல் இங்கிலாந்தின் ஸ்மித்சன் டெனன்ட், வைரமும் கரியும் எரியும்போது ஒரே அளவு கார்பன் டை ஆக்சைடைத் தருகின்றன என்று நிறுவினார். வைரம் என்பது கார்பன். அடுப்புக்கரியும் பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டும் எதனால் ஆனவையோ அதே தனிமம். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே வேறு.

அப்படியானால் கரியை வைரமாக மாற்ற முடியாதா? இந்தக் கேள்வி பலரைத் தூங்கவிடவில்லை.

முவாசானுக்கு வழிகாட்டியது வானத்திலிருந்து விழுந்த ஒரு கல். அமெரிக்காவின் அரிசோனாவில் கேன்யன் டியாப்லோ என்ற இடத்தில் இரும்பு விண்கல் துண்டுகள் கிடைத்தன. அதற்குள் நுண்ணிய வைரத் துகள்கள் இருப்பதாக 1891-ல் தெரியவந்தது. இரும்புக்குள் வைரம்! முவாசான் அதை இப்படிப் புரிந்துகொண்டார்: உருகிய இரும்பு கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. வெளிப்புறம் சட்டென்று உறைந்து இறுகினால், உள்ளே மாட்டிக்கொண்ட பகுதி உறையும்போது விரியப் பார்க்கும். விரிய இடம் இருக்காது. அப்போது பெரும் அழுத்தம் உண்டாகும். அந்த அழுத்தத்தில் கார்பன் வைரமாகப் படிகிறது.

இதையே ஆய்வகத்தில் செய்து பார்த்தார். சர்க்கரையை எரித்தெடுத்த தூய கரியை இரும்போடு மின் உலையில் உருக்கினார். வெள்ளையாகத் தகிக்கும் அந்த உருகலை அப்படியே குளிர்ந்த நீருக்குள் முக்கினார். பிறகு நீருக்குப் பதில் உருகிய ஈயத்தையும் பயன்படுத்தினார். ஈயத்தின் வெப்பம் இரும்பை விடக் குறைவுதான், அதனால் இரும்பு அதில் வேகமாகக் குளிரும்.

அடுத்தது பொறுமைக்கான சோதனை. இரும்பை அமிலத்தில் கரைக்க வேண்டும். மிச்சமுள்ள கசடை வேறு வேறு அமிலங்களில் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டும். எல்லாம் முடிந்து அடியில் தங்கியவை சில நுண்துகள்கள். சில கருப்பு, சில கண்ணாடி போல. மிகப் பெரியதுகூட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவை மாணிக்கத்தைக் கீறின. ஆக்சிஜனில் எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வந்தது.

1893-ல் செயற்கை வைரம் செய்துவிட்டதாக முவாசான் அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. மோதிரத்தில் பதிக்கும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றாலும், கரியிலிருந்து வைரம் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி.

விண்கல்லில் இருந்த பச்சைப் படிகம்

முவாசான் விண்கல்லை விடவில்லை. கேன்யன் டியாப்லோ கல்லில் 50 கிலோவுக்கும் மேல் எடுத்து அமிலத்தில் கரைத்து, அடியில் என்ன தங்குகிறது என்று பார்த்தார். அதில் அறுகோண வடிவில் பச்சை நிறப் படிகங்கள் இருந்தன. கடினமானவை, மின்னுபவை. இந்த விண்கல்லில் மின்னும் கடினத் துகள்களை முதலில் வைரம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பச்சைப் படிகத்தை அவர் முறையாகச் சோதித்தார். 1904-ல் விடை தெரிந்தது. இது வைரமே அல்ல, சிலிக்கான் கார்பைடு. ஒரு பங்கு சிலிக்கான் அணுவும் ஒரு பங்கு கார்பன் அணுவும் சேர்ந்த பொருள். கார்பன் பாதி, மணலில் இருக்கும் சிலிக்கான் மீதி.

வைரத்தைத் தேடிக்கொண்டிருந்தவர் தன் கையில் கிடைத்ததை வைரம் இல்லை என்று எழுதினார். அவர் பெயர் நிலைத்தது இதனால்தான்.

சிலிக்கான் கார்பைடு உலகுக்கே புதிதா என்றால், இல்லை. 1891-ல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்செசன் அதைத் தொழிற்சாலை உலையில் செய்துவிட்டார். அவரும் செயற்கை வைரம் செய்யும் முயற்சியில்தான் இருந்தார் என்பது இன்னொரு வேடிக்கை. கார்போரண்டம் என்று பெயர் வைத்து விற்றார். சாணைக்கல்லிலும் உப்புத்தாளிலும் இன்றைக்கும் இருப்பது அதுதான். ஆனால் இயற்கையில் இது கிடைக்கும் என்று முதலில் காட்டியவர் முவாசான்.

1905-ல் அமெரிக்க ரத்தினக்கல் நிபுணர் ஜார்ஜ் குன்ஸ், இயற்கையில் கிடைக்கும் இந்தக் கனிமத்துக்கு முவாசானின் நினைவாக மாய்சனைட் என்று பெயர் சூட்டினார். பிரெஞ்சு உச்சரிப்பு முவாசான். ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்தபோது மாய்சன் ஆகி, கல் மாய்சனைட் ஆனது.

பிற்காலத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது. விண்கல்லை அறுக்கப் பயன்படுத்திய கருவியிலிருந்து கார்போரண்டம் தூள் கலந்திருக்குமோ? ஆனால் பிறகு பூமியில் வேறு பாறைகளிலும் இயற்கையான மாய்சனைட் கிடைத்தது. அது கிடைப்பது மிக மிக அரிது, கிடைத்தாலும் தூசி அளவுதான். ஆகவே இன்று கடையில் விற்கும் மாய்சனைட் ஒன்றுகூட விண்கல்லிலிருந்து வந்ததல்ல. விளம்பரத்தில் நட்சத்திரக் கல் என்று போட்டிருந்தாலும் எல்லாம் ஆய்வகத்தில் வளர்த்தவையே.

நோபல் வந்தது, ஆயுள் முடிந்தது

1891-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினர். 1900-ல் புகழ்பெற்ற சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1906-ல் வேதியியல் நோபல் பரிசு. இந்தப் பரிசைப் பெற்ற முதல் பிரெஞ்சு வேதியியலாளர் முவாசான்தான்.

அந்த ஆண்டு போட்டியில் யார் இருந்தார் தெரியுமா? தனிம அட்டவணையை உருவாக்கிய ரஷ்யாவின் மெண்டலீவ். நோபல் குழு முதலில் மெண்டலீவ் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஸ்வீடன் அறிவியல் கழகத்தில் நடந்த இறுதி முடிவில் அது மாறியது. மெண்டலீவுக்கு நோபல் கிடைக்காமலே போனது என்பது இன்றும் பேசப்படும் விவாதம்.

நோபல் பரிசுக்கான அதிகாரபூர்வக் காரணத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஃப்ளூரினைப் பிரித்ததும் மின் உலையும்தான் அதில் உள்ளன. வைரம் இல்லை.

ஸ்டாக்ஹோம் போய் பரிசை வாங்கி வந்த முவாசானுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. 1907 பிப்ரவரி 20 அன்று பாரிஸில் இறந்தார். வயது 54. அதற்கு 18 நாட்கள் முன்புதான் மெண்டலீவும் காலமாகியிருந்தார்.

முவாசானுக்கு ஒரே மகன் லூயி. 1914-ல் முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே போர்முனையில் கொல்லப்பட்டார்.

அவர் செய்தது வைரம்தானா?

முவாசானின் முறையைப் பலர் செய்து பார்த்தார்கள். சிலர் கிடைத்தது என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். இந்தக் குழப்பத்தில் மோசடிக்காரர்களும் நுழைந்தார்கள். ஹென்றி லெமுவான் என்ற பிரெஞ்சுக்காரர், வைரம் செய்யும் ரகசியம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 1905-ல் டி பீர்ஸ் வைர நிறுவனத்தின் பெரும் புள்ளியான ஜூலியஸ் வெர்னரிடமே பணம் கறந்தார். உலையிலிருந்து எடுத்துக் காட்டியவை கடையில் வாங்கிய கற்கள் என்பது பின்னால் அம்பலமாகி, நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. நேர்மையான விஞ்ஞானி ஒருவர் முடியும் என்று சொல்லியிருந்ததால், ஏமாற்றுக்காரரையும் நம்ப ஆட்கள் இருந்தார்கள்.

முவாசானின் கூற்றை முழுமையாகச் சோதித்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்தவர். சொந்தக் காசைப் போட்டு, பல ஆண்டுகள், நூற்றுக்கணக்கான சோதனைகள். முதலில் தானும் வைரம் செய்துவிட்டதாக நினைத்தார். கடைசியில், அதுவரை ஆய்வகத்தில் யாரும் வைரம் செய்யவில்லை, அமிலத்தில் கரையாத வேறு படிகங்களைத்தான் வைரம் என்று நினைத்துவிட்டோம் என்ற முடிவுக்கு வந்தார்.

ஓயாத சோதனையால் களைத்துப்போன உதவியாளர் ஒருவர், முவாசான் சந்தோஷப்படட்டும் என்று உண்மையான வைரத் துகளை உள்ளே போட்டுவிட்டார் என்றும் ஒரு கதை உலவியது. அதை நிரூபிக்கச் சான்று இல்லை.

இன்றைய அறிவியலின்படி, உறையும் இரும்பு தரும் அழுத்தம் வைரத்துக்குப் போதாது. உலோகத்தின் உதவியோடு வைரம் உருவாகவே ஏறத்தாழ 50,000 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அதை 1953-ல் ஸ்வீடனின் ஆசியா நிறுவனமும், 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டிரேசி ஹாலும் பெரிய அழுத்தக் கருவிகளால் சாதித்தார்கள். ஹால் தன் சோதனையில் பயன்படுத்தியது டிராய்லைட் எனும் இரும்பு சல்ஃபைடு. கேன்யன் டியாப்லோ விண்கல்லிலும் இருக்கும் கனிமம் அது!

விண்கல்லில் வைரம் வந்த விதமும் முவாசான் நினைத்தது போல இல்லை. கல் பூமியில் மோதிய அதிர்ச்சியில் உண்டான அழுத்தமே காரணம் என்பது இன்றைய விளக்கம். அழுத்தம் வேண்டும், உருகிய உலோகம் கார்பனைக் கரைக்க வேண்டும் என்ற இரண்டும் சரி. எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் அவர் கணக்கு தவறியது.

ஆய்வகத்திலிருந்து நகைக்கடைக்கு

வைரத்துக்குப் பதிலி தேடுவது பழைய வியாபாரம். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகைத் தொழிலாளி ஸ்ட்ராஸ், ஈயம் கலந்த கண்ணாடியில் மின்னும் கற்களைச் செய்து அரசவை வரை விற்றார். பிறகு வெள்ளை நீலக்கல், ஸ்பினல், ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்று பல வந்தன.

1970-களில் வந்தது க்யூபிக் சிர்கோனியா. சுருக்கமாக சி.இசட். சிர்கோனியம் ஆக்சைடோடு கொஞ்சம் இட்ரியம் அல்லது கால்சியம் ஆக்சைடு சேர்த்து உருக்கிப் படிகமாக்குவது. இதை நகைக்கு ஏற்றபடி வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். நம் ஊரில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அது அமெரிக்காவிலும் பிறக்கவில்லை, டைமண்டும் இல்லை. அதில் ஒரு கார்பன் அணுகூடக் கிடையாது.

மாய்சனைட் நகைக்கடைக்கு வந்தது 1998-ல். எலக்ட்ரானிக்ஸ் துறைக்காகச் சிலிக்கான் கார்பைடைப் பெரிய ஒற்றைப் படிகமாக வளர்க்கும் நுட்பம் அமெரிக்காவில் வளர்ந்தது. பொடியை 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆவியாக்கி, ஒரு விதைப் படிகத்தின் மேல் மெல்லப் படியவிடுவது. மின்சார காரின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சிப் எதில் செய்கிறார்களோ, அதே பொருளைப் பட்டை தீட்டினால் மோதிரக் கல்.

எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

*கடினம்:* வைரம் 10. மாய்சனைட் சுமார் 9.25. சி.இசட். 8 முதல் 8.5. தினமும் போட்டால் சி.இசட். சீக்கிரம் கீறல் விழுந்து மங்கும். மாய்சனைட் நன்றாகவே தாங்கும்.

*மினுமினுப்பு:* ஒளியை வானவில் நிறங்களாகப் பிரிப்பதில் மாய்சனைட் வைரத்தை விட இரண்டு மடங்குக்கும் மேல். வெயிலில் வண்ண வண்ணமாக ஜொலித்தால் அது வைரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதிகமாக ஜொலிப்பதே சந்தேகத்துக்குக் காரணம்.

*எடை:* ஒரே அளவில் சி.இசட். வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். மாய்சனைட் சற்று லேசு. அதனால்தான் மாய்சனைட்டை மில்லிமீட்டர் அளவிலும் சொல்லி விற்கிறார்கள்.

*பூதக்கண்ணாடி:* மாய்சனைட்டைச் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது.

*டெஸ்டர் பேனா:* வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் பேனா, சி.இசட்-டைப் பிடித்துவிடும். மாய்சனைட்டும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் அதை வைரம் என்றே காட்டிவிடலாம். மின்கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் டெஸ்டர் வேண்டும்.

*லேப் குரோன்:* இது போலி அல்ல. முழுக்கக் கார்பன், வைரத்தின் அதே அணு அடுக்கு. பிறந்த இடம் மட்டும் பூமிக்கு அடியில் அல்ல, ஆய்வகம். இயற்கை வைரத்திலிருந்து இதைப் பிரித்தறிய லேப் கருவிகள் தேவை. மேலே சொன்ன எந்தச் சோதனையும் உதவாது.

விஷயம் இதுதான்

மாய்சனைட் மோசமான கல் இல்லை. சி.இசட்-டும் தப்பில்லை. குறைந்த செலவில் அழகான நகை வேண்டும் என்பவருக்கு இரண்டும் நல்ல தேர்வுகள். பிரச்சினை கல்லில் இல்லை, லேபிளில் இருக்கிறது. 'மாய்சனைட் டைமண்ட்' என்று ஒரு கல் கிடையாது. ஒன்று மாய்சனைட், இல்லையென்றால் டைமண்ட்.

வாங்கும்போது இது வைரமா என்று கேட்டால், வைரம் மாதிரிதான் என்று மழுப்ப இடம் உண்டு. அதனால் கேள்வியை மாற்றுங்கள். இது எதனால் ஆனது, கார்பனா, சிலிக்கான் கார்பைடா, சிர்கோனியம் ஆக்சைடா என்று கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வைரம் என்று சொன்னால் இயற்கையா, லேப் குரோனா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், லேப் சான்றிதழையும் வாங்குங்கள்.

120 ஆண்டுகளுக்கு முன், மின்னும் ஒரு பச்சைப் படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முவாசான் கேட்டதும் இதே கேள்வியைத்தான். பதில் அவர் ஆசைப்பட்டதாக இல்லை. இருந்தும் அதை அப்படியே எழுதினார். கடைக்காரரிடமிருந்து எதிர்பார்க்க வேண்டியதும் அதுதான்.